சிரிக்காமல் எழுந்த பிணம்

ஏனுங்க அம்மிணி, கொஞ்சம் நிறுத்துங்க. அந்தப் படத்தை அப்படியே நிறுத்துங்க. ஆங், அங்கதான். மூக்குல பஞ்சு வெச்சு, மாலையோட படுத்திருக்கறாருங்களே, அந்தப் பொணம் எங்க ஊட்டுக்காரருங்க.

அட, மொகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. உசுரோடதான் இருக்கறாரு, நல்லாத்தான் இருக்கறாரு. அடுத்தவங்க செல்போனை எட்டிப் பாக்கற பழக்கம் எனக்குக் கெடையாதுங்க. அந்த மஞ்சக் குடை தெரிஞ்சுதா, டிவில வர்ற வத்சலா டீச்சராச்சேன்னு கண்ணு தானாப் போயிருச்சு. பஸ்ஸும் மலை ஏற ஆரம்பிச்சாச்சு. இந்த வளைவுல செல்போனைப் பாத்துட்டே வந்தா குமட்டும். மூடி வையுங்க, நான் சொல்றேன்.

அந்தக் கதையில நானும் நடிச்சிருக்கறனுங்க. ஆனா எம் பேரைப் போடலை. பொணத்துக்குக் கூடப் பேரு போட்டாங்க, கோத்தகிரின்னு ஊர் பேரையும் சேத்து. அவரு பேரை நான் சொல்லக் கூடாது, கடைசில எழுத்து ஓடறப்ப வரும், நீங்களே படிச்சுக்குங்க. எனக்கு ஒரு எழுத்து கெடையாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்குது.

நான் வத்சலா டீச்சரை மொத வாரத்துல இருந்து பாக்கறவ. சனிக்கெழமை சாயங்காலம் ஆச்சுன்னா எங்கூட்டுல வேற சோலியே கெடையாது. நெம்ப அருமையான கதைங்க. வாரம் ஒரு கொலை உளுகும், ஆனா ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. செத்தவங்க கூடத் தலை சீவி, பவுடர் போட்டு, மரியாதையாத்தான் செத்திருப்பாங்க. கடைசில டீச்சர் எல்லாத்தையும் ஹால்ல உக்கார வெச்சு அவங்களே காபி ஆத்திக் கொடுப்பாங்க. ஆரு டம்ளரை வாங்காம தயங்கறாங்களோ அவங்கதான் கொலைகாரங்க.

டீச்சர் கண்டுபுடிக்கறதுக்கு முன்னால நான் கண்டுபுடிச்சுப்போடுவேன். ஒரு வாரம் கூடத் தப்புனதில்லை. போன வாரம் தோட்டக்காரன்னு சொன்னேன். கடைசில டாக்டருன்னு காட்டிப்போட்டாங்க. அது எழுதறவங்க பண்ணுன தப்பு. அந்தத் தோட்டக்காரன் முழியப் பாத்தா கொழந்தைக்குத் தெரியும்.

எங்க ஊட்டுக்காரருக்கு இதெல்லாம் புடிக்காது. ஈ.பி.ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. டிவிக்கு முதுகைக் காட்டி உக்காந்து பேப்பர் படிப்பாரு. ஆனா விளம்பரம் போடறப்ப நான் அடுப்படிக்குப் போனா, "ஏ புள்ள, ஆரம்பிச்சாச்சு, வா"ன்னு கத்துவாரு. பாக்காத மனுசனுக்கு அதுல என்ன அக்கறைன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல.

சிரிக்கவும் மாட்டாரு. கோவக்காரருன்னு இல்லீங்க, நல்ல மனுசன். ஆனா மொகம் எப்பவும் கரண்டு போன ஊடு மாதிரி இருக்கும். எங்க கல்யாண போட்டோவைப் பாத்துப்போட்டு, "மாப்பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா"ன்னு கேக்காத ஒறம்பரை இல்லை. அவரு பல்லை நானே பல்லு டாக்டர்கிட்டப் போனப்பத்தான் முழுசாப் பாத்தேன்.

அப்படிப்பட்டவரு பொணமா நடிக்கப் போனாருன்னா நம்புவீங்களா? எங்கூட்டுக்கு மேல ஒரு வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா இருக்குது. அங்க சூட்டிங் வந்தாங்க. லைட்டுக்கு கனெக்சன் பாக்கோணும்னு இவரைக் கூப்புட்டாங்க, போனாரு. அந்த வாரம் சாகோணும்னு மெட்ராஸ்ல இருந்து கூட்டிட்டு வந்த ஆளு, இந்த மலை வளைவுல வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போயிட்டாரு. கட்டில்ல படுக்க வெச்சாலும், "தலை சுத்துது, தலை சுத்துது"ன்னு எந்திரிச்சு உக்காந்துக்கறாராம். பொணம் எந்திரிச்சு உக்காந்தா எப்பிடிங்க படம் புடிக்கறது? அந்தாளுக்குத் தெச்ச பட்டு ஜிப்பா இவருக்கு அளவெடுத்த மாதிரி இருந்திருக்குது. "அண்ணே, சும்மா படுத்தாப் போதும்"னு டைரக்டர் கேட்டாரு, இவரும் சரின்னுட்டாரு.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நான் வழக்கம் போல மத்தியானச் சோத்தை எடுத்துட்டுப் பங்களாவுக்குப் போறேன். ஹால்ல ஊதுபத்தி வாசம். பொம்பளைங்க தலையை விரிச்சுப் போட்டு அழுகறாங்க. நடுவுல எங்க ஊட்டுக்காரரு, மூக்குல பஞ்சோட.

அம்மிணி, சிரிக்காதீங்க. அவருக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னால நெஞ்சு வலி வந்துதுங்க. கோயமுத்தூருக்குக் கொண்டு போயி ஸ்டென்ட் வெச்சோம். ஆஸ்பத்திரியில கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு, அவரு வெள்ளைத் துணிக்கடியில கெடந்ததைப் பாத்தவ நான். திரும்பவும் அதே கெடை. சோத்துப் போசியோட அப்படியே சுவத்துல சாஞ்சுட்டேன்.

ஜெசிந்தான்னு மேக்கப் போடற புள்ள ஒண்ணுதான் ஓடி வந்து புடிச்சுது. "அக்கா, அக்கா, நடிப்புக்கா. பாருங்க, வயிறு ஏறி எறங்குது"ன்னு காட்டுச்சு. அப்பறம் தண்ணி கொடுத்து உக்கார வெச்சு அதுதான் சொல்லுச்சு. "பயப்படாதீங்கக்கா. பொணமா நடிச்சவங்களை அப்படியே எந்திரிக்க விடமாட்டோம். ஷாட் முடிஞ்சதும் கேமராவைப் பாத்து வாய் விட்டு ஒரு சிரிப்பு சிரிக்கணும். அதையும் கேமராவுல எடுத்துடுவோம். அப்பத்தான் தோஷம் கழியும். எங்க தொழில்ல இதை யாரும் மீற மாட்டோம்"னுச்சு.

நான் சகுனம் கிகுனம் பாக்கறவ இல்லீங்க. பூனை குறுக்க போனா நான் பாட்டுக்குப் போவேன், கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவேன், அவ்வளவுதான். ஆனா ஒரு தொழில்ல முறைன்னு ஒண்ணு இருந்தா அதைச் செய்யோணுமில்லீங்களா? அதுக்கோசரம் ஒரு ஓரமா உக்காந்து, எப்படா சிரிப்பாருன்னு பாத்துட்டே இருந்தேன்.

அந்தப் புள்ள இன்னொண்ணும் சொல்லுச்சு. "அண்ணன் சம்பளமே வேண்டாம்னுட்டாருக்கா. அதுக்குப் பதிலா, சாயங்காலம் டீச்சரம்மா உங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிக்கணும்னு கேட்டாரு"ன்னு. எனக்குச் சுருக்குன்னுச்சு. பாத்துக்குங்க, இந்த வயசுல நடிகையை ஊட்டுக்குக் கூப்புட்டுக் காபி கொடுக்கோணுமாம்! நான் அந்தம்மாவைப் பாக்கோணும் பாக்கோணும்னு வருசக் கணக்காப் பொலம்பறேன், என்னைக் கூட்டிட்டுப் போயிக் காட்டணும்னு தோணலை. ஆம்பளைங்க புத்தி.

அப்பத்தான் மஞ்சு எறங்குச்சு. உங்களுக்குத் தெரியுமில்ல, கோத்தகிரியில மஞ்சு வந்தா எதுக்க நிக்கற ஆளு தெரியாது. டைரக்டர் வானத்தைப் பாத்தாரு, "பேக்கப்"னு ஒரு கத்துக் கத்துனாரு. அவ்வளவுதான். ஆளுக்கொரு லைட்டைத் தூக்கறாங்க, வண்டியில ஏத்தறாங்க, ஓடறாங்க. எங்க ஊட்டுக்காரரு எந்திரிச்சாரு, பஞ்சை எடுத்தாரு, ஜிப்பாவைக் கழட்டிக் கொடுத்தாரு. எங்கிட்ட வந்து, "என்ன கொழம்பு?"ன்னாரு.

சிரிக்கலைங்க. சிரிக்கவே இல்லை!

"ஏனுங்க, நீங்க சிரிச்சீங்களா?"ன்னேன். "எதுக்கு?"ன்னாரு. முறையைச் சொன்னேன். "ஏ ருக்கு, உனக்கென்ன கிறுக்கா?"ன்னு கேட்டுப்போட்டுச் சோத்தைப் பெசைஞ்சாரு. செத்தவரு செத்தபடியே கேமராப் பெட்டியில போயிட்டாரு, சனிக்கெழமை ஊரு முழுக்கப் பாக்கப் போகுது, இங்க என்னடான்னா ரசம் ஊத்தச் சொல்றாரு. சாப்புட்டு முடிக்கறதுக்குள்ள அவங்க வண்டியெல்லாம் கெளம்பிப் போயாச்சு.

நான் விடுவனுங்களா? பக்கத்துத் தோட்டத்துல கேரட் ஏத்திட்டு ஒரு பிக்கப் வண்டி மேட்டுப்பாளையம் கெளம்பிட்டு இருந்துச்சு. இவரைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி அதுல ஏத்துனேன். "எங்கடி கூட்டிட்டுப் போற?"ன்னாரு. "சிரிக்கறதுக்கு"ன்னேன். வழி நெடுகக் கேரட் மூட்டை மேல உக்காந்து என்னையே பாத்துட்டு வந்தாரு.

இதா, இதா பாருங்க, குஞ்சப்பனை வந்துருச்சு. அந்த செக்போஸ்ட்டுக்கு அந்தண்ட ஒரு டீக்கடை தெரியுதா? அங்கதான் அவங்களைப் புடிச்சேன். வாந்தி எடுக்கற ஆளு இருக்கறதுனால டீக்கடைக்கு டீக்கடை வண்டியை நிறுத்திட்டுப் போயிட்டு இருந்திருக்கறாங்க. நல்லதாப் போச்சு.

டைரக்டர்கிட்டப் போயி மரியாதையாத்தான் சொன்னேன். சத்தமெல்லாம் போடலை. ஜெசிந்தா என்னமோ அன்னிக்கு நான் கத்துனதுல டீக்கடைக்காரரு கண்ணாடி டம்ளரைக் கீழ போட்டுட்டாருன்னு இன்னும் போன்ல சொல்லிச் சிரிக்குது. டம்ளரு வழுக்கியிருக்கும். டைரக்டரு, "அம்மா, லைட் போயிடும், ஊருக்குப் போகணும்"னாரு. அப்ப பாத்து அவங்க வேன் டிரைவரு முன்னால வந்துட்டாரு. "சார், இன்னும் சிரிக்கலையா? சிரிக்காத பொணத்தைப் பெட்டியில வெச்சுட்டு நான் மலை எறங்க மாட்டேன்"னு சாவியை எடுத்து மடியில சொருகிட்டாரு. அதுக்கு மேல டைரக்டரால என்ன பண்ண முடியும்?

கேமராவை எறக்குனாங்க. டீக்கடை பெஞ்சுல பெட்சீட்டு விரிச்சாங்க. அதே ஜிப்பா, அதே மாலை, அதே பஞ்சு. இவரு படுத்தாரு. "கண்ணைத் தொறந்து சிரிங்கண்ணே"ன்னாங்க.

சிரிப்பு வரலைங்க.

கண்ணைத் தொறக்கறாரு, ஆகாசத்தைப் பாக்கறாரு, மூடிக்கறாரு. "பல்லைக் காட்டுங்கண்ணே"ன்னாங்க, காட்டுனாரு. "அண்ணே, அது சிரிப்பில்ல, பல்லு வலி"ன்னாரு டைரக்டர். போலீஸா நடிக்கற காமெடிக்காரரு வந்து வழுக்கி உளுந்து காட்டுனாரு. எங்க ஊட்டுக்காரரு, "பாத்து தம்பி, அடிகிடி படப் போகுது"ன்னாரு. ஒருத்தரு மாமியார் சோக்கு சொன்னாரு. "பாவம் அந்தம்மா"ன்னாரு. பஸ்ஸுல போறவங்களெல்லாம் தலையை நீட்டிப் பாக்கறாங்க. டீக்கடைக்காரரு, "சாமி, நான் வேணா டீ கடனுக்குத் தர்றேன், சிரிச்சுப்போட்டு எந்திரிங்க, யாவாரம் கெடுது"ங்கறாரு.

"சிரிப்பு வந்தாத்தானே சிரிக்க முடியும்? வராட்டி நான் என்ன பண்றது?"ன்னு படுத்த வாக்குலயே கேட்டாரு எங்க ஊட்டுக்காரரு. வெயிலு அந்த மலைக்குப் பின்னால எறங்குது. இன்னும் கொஞ்ச நேரம் போனா கேமராவை மூடிப்போடுவாங்க. எனக்குள்ள வெசனம் ஏறுது. இந்த மனுசனுக்கு ஒரு சிரிப்பு இல்லாமயே போயிருமோ, நான் திரும்பவும் அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட நிக்கோணுமோன்னு. டீச்சரம்மா கார்ல இருந்து எறங்கி எம்பக்கத்துல வந்து நின்னுச்சாம். எங்கையைக் கூடப் புடிச்சுதாம். அப்பறமா ஜெசிந்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் திரும்பியே பாக்கலைங்க. அவரு மொகத்தையேதான் பாத்துட்டு இருந்தேன்.

அந்த வெசனத்துலயும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அவரு ஜூஸ் குடிக்கற நேரம். ஸ்டென்ட் வெச்சதுல இருந்து, சர்க்கரைக்கும் சேத்து, வேளை தவறாம பாகக்காய் ஜூஸ் கொடுக்கறனுங்க. உப்பு கெடையாது, தேங்கா கெடையாது, எண்ணெய் பேருக்குத்தான். மழையா இருந்தாலும் கண்ணாலமா இருந்தாலும் ஜூஸ் நிக்காது. அன்னிக்கும் பிளாஸ்க்குல எடுத்துட்டுத்தான் வந்திருந்தேன். டம்ளர்ல ஊத்துனேன், நேராப் பெஞ்சுக்குப் போனேன், "ஏனுங்க, எந்திரிங்க. இதைக் குடிச்சுப்போட்டு அப்பறமாச் சாவுங்க"ன்னு நீட்டுனேன்.

ஒரு கண்ணைத் தொறந்தாரு. டம்ளரைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. திரும்பவும் டம்ளரைப் பாத்தாரு.

சிரிச்சாரு பாருங்க அம்மிணி! எங்கிருந்து வந்துச்சோ தெரியல. மூக்குல வெச்ச பஞ்சு தெறிச்சுப் போயி உளுந்துச்சு. மாலை குலுங்குது, பெஞ்சு ஆடுது, கண்ணுல தண்ணியா ஊத்துது, நிறுத்த முடியலை. அவரை உடுங்க, டைரக்டர் ரோட்டுலயே குந்திட்டாரு. கேமராக்காரர் ஒரு கையில வயித்தைப் புடிச்சுட்டு ஒரு கையில படம் புடிக்கறாரு. வாந்தி எடுத்த ஆளு கூட சன்னலு வழியாத் தலையை நீட்டிச் சிரிக்கறாரு. பாகக்காய் ஜூஸைப் பாத்து ஆராவது சிரிப்பாங்களா? எனக்கு ஒண்ணும் வெளங்கலை.

ஆனா எனக்கு அழுகை வந்துருச்சுங்க. ஆஸ்பத்திரியில கூட நான் அழுகலை. அந்த டீக்கடை முன்னால, அத்தனை பேரு பாக்க, முந்தானையை வாயில வெச்சுட்டு அழுதேன். அவரு சிரிக்கறப்ப கன்னத்துல ஒரு குழி உளுகுதுங்க. இத்தனை வருசம் குடும்பம் நடத்தி எனக்குத் தெரியாது.

சனிக்கெழமை வந்துச்சு. அக்கம்பக்கத்துல அத்தனை பேரும் எங்கூட்டுல. மொத அஞ்சு நிமிசத்துலயே நான் சொல்லிப்போட்டேன், தம்பிக்காரன்தான் கொன்னதுன்னு. செத்தவரு பொண்டாட்டி மேல ஒருத்தி சந்தேகப்பட்டா. நான் அவளை அடக்குனேன். "அந்தம்மா மொகத்தைப் பாருடி. புருசனுக்கு வேளாவேளைக்குப் பாத்துப் பாத்துக் கொடுக்கற பொம்பளை. அவளாவது கொல்றதாவது"ன்னேன். எங்க ஊட்டுக்காரரு பேப்பரை மொகத்துக்கு நேராப் புடிச்சுட்டு இருந்தாரு. பேப்பரு லேசா ஆடுச்சு. காத்துன்னு நெனச்சேன்.

உங்களுக்குச் சொல்லிப்போட்டா சுவாரசியம் போயிரும். இருந்தாலும் சொல்றேன், ஏன்னா அநியாயம். கடைசில டீச்சர் எல்லாத்துக்கும் காபி ஆத்திக் கொடுக்கறாங்க. டம்ளரை வாங்காம கையை உள்ள இழுத்துக்கறது ஆருன்னு பாத்தா, அந்தப் பொண்டாட்டி! தெனமும் கொடுக்கற பாகக்காய் ஜூஸுல வெசத்தைக் கலந்து கொடுத்துட்டாளாம். கசப்புல கசப்பு தெரியலையாம். எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! இதெல்லாம் ஒரு கதையா? எழுதறவனுக்குக் குடும்பம்னா என்னன்னு தெரியுமா? கட்டுன பொம்பளை பாகக்காயை வெச்சு ஆராவது கொல்லுவாளா?

ஒருத்தி முந்தானையைக் கடிச்சுட்டுக் கீழ பாக்கறா. இன்னொருத்தி அடுப்படிக்கு ஓடிப்போயிட்டா. நான் சொன்ன நியாயம் அவங்களுக்கு ஒறைச்சிருக்கும்.

அப்பறம் பேரு ஓட ஆரம்பிச்சுது. அங்கதான் அந்தச் சிரிப்பைப் போட்டாங்க. அது முறைக்கு எடுத்தது, போடறதுக்கு எடுத்ததில்லை. ஆனா டைரக்டருக்கு அதைத் தூக்கிப்போட மனசு வரலையாம். பொணம் கண்ணைத் தொறக்குது, ஓரத்துல ஒரு கை வருது, கையில எவர்சில்வர் டம்ளரு. பச்சை வளையலு என்னோடது. எத்தனை அழகா நீட்டியிருக்கறேன் தெரியுமா? அந்தக் கைக்குத்தான் பேரு போடலை.

அன்னில இருந்து ஊருல எம்மேல நெம்ப மரியாதைங்க. மார்க்கெட்டுல, கோயில்ல, ரேசன் கடையில, "ருக்குக்கா, இன்னிக்கு அண்ணனுக்கு ஜூஸ் கொடுத்தாச்சா?"ன்னு ஒருத்தரு பாக்கியில்லாமக் கேக்கறாங்க. அவரு வெளிய போனா, "என்ன மாமா, இன்னும் இருக்கறீங்களா?"ன்னு நலம் விசாரிக்கறாங்க. ஊரே அவரு ஒடம்பு மேல அக்கறையா இருக்குது.

இவருதான் மாறிப்போனாரு. முன்னெல்லாம் ஜூஸைக் கண்டா மொகத்தைச் சுளிச்சுட்டு ஒரே மடக்குல குடிப்பாரு. இப்ப டம்ளரைக் கொண்டு போனாலே, என்னைப் பாக்கறாரு, டம்ளரைப் பாக்கறாரு, அந்தக் கன்னக்குழி உளுந்துருது. "ஏ ருக்கு, டீச்சருக்குச் சொல்லி உட்டுட்டுக் குடிக்கறேன்"ங்கறாரு. எதுக்குன்னு நான் கேக்கறதில்லை. டாக்டரு கூடப் போன மாசம், "சர்க்கரை நல்லாக் கொறைஞ்சிருக்குதும்மா, இனி ஜூஸை நிறுத்திக்கலாம்"னாரு. நான் சரிங்கன்னு தலையை ஆட்டிப்போட்டு வந்துட்டேன்.

நிறுத்துவனுங்களா? அந்த மனுசன் சிரிச்சுட்டு எந்திரிச்சாருன்னா அன்னிக்கு அவருக்கு ஒண்ணும் ஆகாது. மலையில பாகக்காய் சரியா வராது, வந்தாலும் பிஞ்சாக் கெடைக்காது. அதுக்கோசரம் வாரம் ஒருக்கா மேட்டுப்பாளையம் எறங்கி ஏறிட்டு இருக்கறேன். உங்க காலுக்கடியில இருக்கறது அந்தப் பைதானுங்க, முட்டுதுங்களா?

அட, ஊரு வந்துருச்சு. கொஞ்சம் நகருங்க அம்மிணி. அதா பாருங்க, புளூ ஸ்வெட்டரு, மஃப்ளரு. கரண்டு போன மொகம், நாஞ்சொல்லலை? இருங்க, சன்னல் வழியா இந்தப் பையை விரிச்சுக் காட்டறேன். ஏனுங்க! இங்க! இங்க பாருங்க!

பாத்துட்டாரு.

ஆங், சிரிச்சுட்டாரு. செரிங்க அம்மிணி, இன்னிக்குப் பொழுது தப்புச்சு. நான் எறங்கறேன்.